ஓடட்டும், ஆடட்டும்: 3, 4 வயதுக் குழந்தைக்குத் தினமும் 180 நிமிடம்

"எங்க வீட்டுப் பிள்ளை ஒரு இடத்தில உட்காரவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. "போனைக் கொடுத்தாத்தான் ஒரு வாய் சாப்பிடுது" என்று வருத்தப்படும் பெற்றோரும் உண்டு. பல வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் ஒரே குழந்தையைப் பற்றியதுதான். ஓடும் குழந்தையை உட்கார வைக்கப் போனைக் கொடுக்கிறோம். பிறகு அதே குழந்தைக்குப் பசி இல்லை, தூக்கம் வரவில்லை, அடம் பிடிக்கிறது என்று கவலைப்படுகிறோம்.

3 வயது முதல் 5 வயது நிறையும் வரையுள்ள குழந்தைக்கு ஓட்டமும் குதிப்பும் உணவு, உறக்கம் போலவே அன்றாடத் தேவை. அதற்கு வகுப்பும் கட்டணமும் வேண்டாம். நாளில் கொஞ்சம் இடமும் நேரமும் ஒதுக்கினால் போதும். எவ்வளவு நேரம், எப்படி, எங்கே, இதில் அரசின் எந்தச் சேவை உதவும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு அது சொல்லும் அளவுகள் இவை:

• ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு. அதில் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம், குதிப்பு, ஏறி இறங்குதல்.
• தள்ளுவண்டி, நாற்காலி என்று ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போல வைத்திருப்பது, தொடர்ச்சியாக 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
• உட்கார்ந்தபடி போன், டிவி பார்ப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.
• பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் நல்ல உறக்கம்.

180 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். இது ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கலாம். அங்கன்வாடிக்கு நடந்து போவது, பாட்டுக்கு ஆடுவது, மாடிப்படி ஏறுவது, துணி மடிக்க உதவுவது எல்லாமே கணக்கில் சேரும்.

ஓடினால் என்ன கிடைக்கும்?

எலும்பும் தசையும் இதயமும் வலுப்பெறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றோர் அதிகம் கவனிக்காத சில பலன்கள் வேறு உண்டு.

பசி: மாலையில் நன்றாக ஓடிய குழந்தை இரவில் தானாகவே சாப்பாடு கேட்கும். "பையன் ஏற்கெனவே ஒல்லி, ஓட விட்டா இன்னும் இளைச்சிடுவான்" என்று பயந்து பிடித்து வைப்பது பசியை மட்டும்தான் குறைக்கும். அளவான ஓட்டமும் அதற்கேற்ற உணவும் சேர்ந்தால்தான் தசை வளரும்.

உறக்கம்: உடல் களைத்த குழந்தை சீக்கிரம் தூங்கும், ஆழ்ந்து தூங்கும்.

கண்: வீட்டுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. வெயில் படுவதால் வைட்டமின் 'டி'யும் கிடைக்கிறது.

எழுத்து: பென்சிலைப் பிடிக்கும் விரலுக்கு முதலில் வேண்டியது தோளிலும் முன்கையிலும் பலம். தொங்குவது, பந்து எறிவது, மணலைக் குவிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது எல்லாம் அந்தப் பலத்தைத் தரும் பயிற்சிகள்.

இந்தக் கடைசிப் பலனைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். "அங்கன்வாடியில வெறும் விளையாட்டுத்தான், ஏ.பி.சி.டி. கூட எழுத வைக்கல" என்று சொல்லி 3 வயதிலேயே குழந்தையை வேறு இடத்தில் சேர்க்கும் பெற்றோர் பலர். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அங்கே நடக்கும் முன்பருவக் கல்விக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே பாடத்திட்டத்துக்குப் பெயர். பாட்டு, கதை, அசைவு, விளையாட்டு வழியாகவே எண்ணும் நிறமும் சொல்லும் அறிமுகமாகின்றன. அந்த வயதில் அதுதான் படிப்பு. உங்கள் குழந்தை தனியார் மழலையர் பள்ளிக்குப் போனாலும் பரவாயில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் வெளியே விளையாட விடுறீங்க?" என்ற கேள்வியைச் சேர்க்கும்போதே கேளுங்கள்.

ஒரு நாள் கணக்கு

4 வயதுக் குழந்தையின் சாதாரண வேலை நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவருமே வேலைக்குப் போகும் வீடாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

• காலை எழுந்ததும் வாசலில் அல்லது மொட்டை மாடியில் பெரியவர் ஒருவரோடு விளையாட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல்: 20 நிமிடம்
• அங்கன்வாடி அல்லது பள்ளிக்கு நடை: 15 நிமிடம்
• அங்கே அசைவுப் பாட்டும் வெளி விளையாட்டும்: 45 நிமிடம்
• வீடு திரும்பும் நடை: 15 நிமிடம்
• மாலையில் தெரு, பூங்கா, மைதானம் எங்காவது ஓடிப்பிடித்து விளையாட்டு: 60 நிமிடம்
• துணி மடிக்க, வெங்காயக் கூடையை எடுத்துவர, தட்டு வைக்க உதவி: 15 நிமிடம்
• இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாட்டுப் போட்டு ஆட்டம்: 10 நிமிடம்

மொத்தம் 180. இதில் பெற்றோர் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியது மாலை 60 நிமிடத்துக்குத்தான். அதையும் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, பெரிய பிள்ளைகள் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். நடந்து போகக்கூடிய தூரத்துக்கும் வண்டியில் முன்னால் நிற்க வைத்து அழைத்துப் போனால் இந்தக் கணக்கில் 30 நிமிடம் குறைந்துவிடும், ஆபத்தும் கூடும்.

இடமே இல்லாத வீட்டில்?

ஒற்றை அறை வாடகை வீடு, நான்காவது மாடி, வாசலில் வண்டிகள் போகும் தெரு. இப்படி இருக்கும் வீடுகள்தான் நகரங்களில் அதிகம். அங்கேயும் செய்யக்கூடியவை உண்டு.

• தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு, ஒரு வளைகோடு போடுங்கள். கோட்டை விட்டு விலகாமல் நடக்கட்டும். நடை பழகியதும் தலையில் ஒரு துணிப்பை வைத்து நடக்கட்டும்.
• தலையணைகளை இடைவெளி விட்டுப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவச் சொல்லுங்கள்.
• பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி வாளிக்குள் எறியச் சொல்லுங்கள். வாளியை ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்துங்கள்.
• தவளை, நண்டு, யானை, கொக்கு போல நடக்கும் போட்டி. கொக்கு என்றால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.
• பாட்டு நின்றால் சிலையாக நிற்கும் ஆட்டம்.

வெளியே இடம் கிடைத்தால் பழைய விளையாட்டுகளே போதும். கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, ஓடிப்பிடித்தல், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடும் ரயில் விளையாட்டு எல்லாம் இந்த வயதுக்கு ஏற்றவை. பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலில் நொண்டுவது 4 வயது வாக்கில்தான் பழகும். 3 வயதுக் குழந்தை இரண்டு காலாலும் தாவட்டும். இந்த வயதில் வெற்றி தோல்வி எண்ண வேண்டாம். விதிமுறை மாறினாலும் விட்டுவிடுங்கள்.

பெண் குழந்தையை மட்டும் "அடக்கமா உட்காரு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 180 நிமிடம் என்ற அளவில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கும் அசைவு வேண்டும். எந்த வகை அசைவு ஏற்றது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம்.

சாப்பாட்டுத் தட்டும் போனும்

போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வாயில் என்ன போகிறது, வயிறு எப்போது நிறைந்தது என்று தெரியாது. சில குழந்தைகள் தேவைக்கு மேல் சாப்பிடும்; சில குழந்தைகள் உணவை வாயிலேயே வைத்திருக்கும். ஒரே நாளில் போனைப் பிடுங்கினால் போர்க்களம்தான். படிப்படியாக விடுவிக்கலாம்.

முதலில் ஒரு வேளை உணவை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த வேளையில் வீட்டில் யார் கையிலும் போன் வேண்டாம். அப்பா, அம்மா, தாத்தா எல்லோருக்கும் இதே விதிதான். குழந்தை பெரியவர்களோடு உட்கார்ந்து தன் கையால் சாப்பிடட்டும். கீழே சிந்தினால் சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடுத்த வேளைக்கு முன்பு பிஸ்கட்டும் ஜூஸும் கொடுக்காமல் இருந்தால் பசி தன் வேலையைச் செய்யும். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். அது பழகியதும் அடுத்த வேளைக்குப் போகலாம்.

மாலைத் தீனிக்குப் பொட்டலம் தேவையில்லை. நன்றாக வேகவைத்து மசித்த சுண்டல், வாழைப்பழம், விதை நீக்கிய கொய்யாத் துண்டு, அவித்த முட்டை, கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, சத்துமாவு உருண்டை இவற்றில் ஏதாவது ஒன்று போதும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, கெட்டியான மிட்டாய் இவை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் சிக்கலாம். பொடித்தோ நறுக்கியோ கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

டீ, காபி கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அவை உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் பாலைக் கொடுப்பதும் இரும்புச்சத்துக் குறைவில் கொண்டுபோய் விடும்.

சாதுவான பிள்ளையா, சோர்ந்த பிள்ளையா?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கும் மேல் இரத்தச்சோகை இருப்பது தெரியவந்தது. 5 வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது.

இதற்கும் விளையாட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இரத்தச்சோகை உள்ள குழந்தை சீக்கிரம் களைத்துவிடும். மற்ற பிள்ளைகள் ஓடும்போது ஓரமாக உட்காரும். "எங்க பிள்ளை ரொம்ப சாது, வச்ச இடத்தில இருக்கும்" என்று நாம் பெருமைப்படும் குழந்தைக்கு உண்மையில் இரும்புச்சத்து போதாமல் இருக்கலாம். கண்ணின் கீழ் இமை உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை வெளிறி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப், 6 மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' திரவம், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை ஆகியவை கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி மையம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தவறவிடாதீர்கள். மண்ணில் விளையாடுவது நல்லதுதான். விளையாடி வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவதும், வெளியே போகும்போது செருப்புப் போடுவதும் அதோடு சேர்ந்து பழக வேண்டியவை.

உறக்கத்துக்கு ஒரு நேரம்

இரவு 9 மணிக்குத் தூங்கி காலை 6.30க்கு எழுந்தால் ஒன்பதரை மணி நேரம். பகலில் 1 மணி நேரம் தூங்கினால் மொத்தம் பத்தரை. இது போதுமான அளவுதான். பிரச்சினை வருவது 11 மணி வரை டிவி ஓடும் வீட்டில். தூங்குவதற்கு 1 மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளையும் அணைத்துவிடுங்கள். பல் தேய்ப்பது, கை கால் கழுவுவது, ஒரு கதை, விளக்கை அணைப்பது என்று தினமும் ஒரே வரிசையில் நடந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். பல் தேய்க்கப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

பாதுகாப்பாக விளையாட

• கோடையில் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே ஓட விட வேண்டாம். விளையாட்டுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் கொடுங்கள்.
• தண்ணீர் நிறைந்த வாளி, திறந்த தொட்டி, மூடாத சம்ப் இவற்றுக்கு அருகில் குழந்தையைத் தனியாக விடக்கூடாது. சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து.
• மொட்டை மாடியிலும் பால்கனியிலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சுவர் ஓரத்தில் நாற்காலி, ஸ்டூல் வைக்காதீர்கள்.
• நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி அங்கே இலவசம்.

போன் நம் கையில் இருந்தால்

குழந்தையின் கையில் இருக்கும்போது அதை உட்கார வைக்கும் அதே போன், நம் கையில் இருந்தால் உதவிக்கு வரும்.

• நேரக் கட்டுப்பாடு: ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு செயலிக்கும் தினசரி நேர வரம்பு வைக்கலாம். யூடியூபில் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிட்டால் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது.
• வளர்ச்சிக் கணக்கு: அங்கன்வாடியில் மாதந்தோறும் எடையும் உயரமும் அளந்து 'போஷன் டிராக்கர்' செயலியில் பணியாளர் பதிவு செய்கிறார். இந்த மாத அளவு என்ன என்று அவரிடம் கேட்டு உங்கள் போனிலும் குறித்து வையுங்கள். தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சிப் படத்தில் பச்சைப் பகுதியில் இருந்தால் நிம்மதி. மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கினால் உடனே ஆலோசனை தேவை.
• மருத்துவ ஆலோசனை: 104 என்ற எண்ணில் சுகாதார உதவி மையம். 'ஈ-சஞ்சீவனி' வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். அவசரத்துக்கு 108.
• விளையாட இடம்: பூங்காவில் ஊஞ்சல் அறுந்து கிடக்கிறதா, சறுக்குமரத்தில் தகரம் நீட்டிக்கொண்டிருக்கிறதா, விளக்கு எரியவில்லையா? ஒரு படம் எடுத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913 அல்லது 'நம்ம சென்னை' செயலி. மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகம் அல்லது முதலமைச்சரின் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு வாரத்தில் நிலையைக் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகத்தில் வளரும். ஆனாலும் பொதுவாக 3 வயதில் குழந்தை எளிதாக ஓடும். ஒரு படிக்கு ஒரு கால் வைத்து மாடி ஏறும். 4 வயதில் ஒற்றைக்காலில் ஓரிரு விநாடி நிற்கும். தட்டி எழும்பும் பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். 5 வயதில் ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கும்.

இவற்றில் பெரிய பின்தங்கல் தெரிந்தாலோ, அடிக்கடி காரணமின்றி விழுந்தாலோ, கொஞ்சம் ஓடியதும் உதடு நீலமானாலோ, மூச்சு இரைத்தாலோ காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்ய முடியாமல் போவது உடனடியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பரிசோதிக்கிறது. வரும் தேதியைப் பணியாளரிடம் கேட்டு அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தக் குழுவே மாவட்ட அளவிலான மையத்துக்குப் பரிந்துரைக்கும்.

இந்த வாரப் பயிற்சி

1. ஒரு நாள் முழுக்கக் குழந்தை ஓடி ஆடிய நிமிடங்களையும், திரை பார்த்த நிமிடங்களையும் தனித்தனியே குறித்து வையுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், அளந்தால் மட்டும் போதும்.
2. மறுநாள் ஒரு வேளைச் சாப்பாட்டைப் போன் இல்லாமல் நடத்துங்கள்.
3. மாலையில் 20 நிமிடம் வெளியே அழைத்துப் போங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் கூட்டுங்கள். பத்து நாளில் 60 நிமிடத்தை எட்டிவிடும்.
4. அங்கன்வாடிப் பணியாளரின் எண்ணைப் போனில் பதிந்து, கடைசியாக அளந்த எடையையும் உயரத்தையும் கேளுங்கள்.
5. பத்தாவது நாள் முதல் பயிற்சியை மறுபடி செய்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் நாள் கணக்கில் ஓட்டம் 180க்கு ரொம்பக் குறைவாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். குழந்தைக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை. கதவைத் திறந்து, கூடவே ஒருவர் வந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.